மஞ்சளுக்கு மூன்று செகண்டு

வீரபாகு போலீஸில் சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய கால்கள்தான். ஐயம்பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஆறடியைத் தொட்டுவிட்டார். குழித்தறியில் நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். இவர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் நெய்த துணியை அடியிலிருந்து முட்டும். குழியை இன்னும் அரை முழம் தோண்டிப் பார்த்தார்கள், தண்ணீர் ஊறிவிட்டது. நின்றுகொண்டே செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளும்படி அவருடைய அப்பா சொல்லிவிட்டார். அப்படி ஒரு வேலை போக்குவரத்துப் போலீஸ்.

அவரை எனக்குத் தெரிய வந்தது 1964-ல். நான் நர்ஸ்; அரசு மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடும் அறை என் பொறுப்பில் இருந்தது. அவருடைய பொறுப்பில் இருந்தது பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் மண்டி முக்கு என்று சொல்லும் நாற்சந்தி. அங்கே யாராவது சைக்கிளிலிருந்து விழுந்தால் அவரே கைத்தாங்கலாக அழைத்து வருவார். வரும்போதே விவரத்தையும் ஒப்பித்துவிடுவார்: யார், எந்தப் பக்கம் விழுந்தார், சாணி மேலா கல் மேலா. சாணி மேல் விழுந்தவருக்கு டெட்டனஸ் ஊசி உண்டு என்பது அவருக்கு அத்துப்படி. பல டாக்டர்களைவிட உபயோகமான மனிதர்.

அந்தக் காலத்தில் ஊரே சைக்கிளில்தான் போனது. சாயம் போட்ட பட்டு நூல் சைக்கிளில் போகும், தறியில் நீளவாட்டுக்கு ஏற்றும் பாவு நூல் சுருளாகப் போகும், பெண்டாட்டி போவாள், அவள் மடியில் பிள்ளை போகும், பிள்ளை கையில் மண்ணெண்ணெய் டின் போகும். விளக்கில்லாமல் போகிறவர்களையும் டபுள்ஸ் போகிறவர்களையும் பிடிப்பது வீரபாகுவின் வேலையில் ஒரு பகுதி. பிடித்தால் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார். பிறகு, தான் நிற்கிற மேடைக்குப் பின்னால் வைத்திருந்த பம்பை எடுத்துக் கொடுப்பார். அடிப்பது மட்டும் அவரவர் பாடு. முப்பது தடவை பம்பு அடித்தவர் மறுநாள் விளக்கோடு வருவார் என்பது அவருடைய கணக்கு. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அம்சவேணி அவருடைய மனைவி. பிள்ளையார்பாளையத்தில் வீடு. அவர் தறியில் உட்கார்ந்து சேலை நெய்கிறவர், அதுவும் நல்ல கை. கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோத்துச் சேர்க்கும் கொர்வைக் கரைக்கு அந்தத் தெருவில் அவரைத் தேடித்தான் வருவார்கள். புருஷன் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு போனால், அம்சவேணி குழியில் இறங்குவார். சாயங்காலம் இரண்டு பேரும் யாருக்குக் கால் அதிகம் வலிக்கிறது என்று சண்டை போடுவார்கள்.

1972 ஆவணியில் மண்டி முக்குக்குச் சிக்னல் விளக்கு வந்தது. சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் வந்து இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினார். லாரி இத்தனை, பஸ் இத்தனை, மாட்டுவண்டி இத்தனை, சைக்கிள் எண்ணி மாளவில்லை. எண்ணி முடித்துப் பச்சைக்கு இருபத்தைந்து செகண்டு, மஞ்சளுக்கு மூன்று செகண்டு என்று நிர்ணயித்து, இரும்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதன் சாவி மட்டும் வீரபாகுவிடம். சாமி புறப்பாடு, ஊர்வலம், மந்திரி வருகை ஆகிய சமயங்களில் மட்டும் அதைத் திறந்து விளக்கைக் கையால் மாற்றலாம். மாற்றினால் நேரத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும்.

எட்டு வருஷம் கையைக் காட்டிக் காட்டித் தோள்பட்டை இறங்கிப் போயிருந்த மனிதருக்கு அது பெரிய விடுதலை. முதல் வாரம் சந்தோஷமாகக் குடைக்கு அடியில் நின்றுகொண்டு, விளக்கு தன் வேலையைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாரம் சைக்கிள்காரர்கள் விழ ஆரம்பித்தார்கள்.

பச்சையில் கிளம்பியவர்கள்தான். யாரும் சிவப்பில் புகுந்தவர்கள் அல்ல. ஆனால் முக்கின் நடுவில் இருக்கும்போதே குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழுந்துவிடும். அரிசி மண்டி லாரி மூக்கை நீட்டும். சைக்கிள்காரர் பதறி விழுவார். ஆவணியில் மூன்று பேர், புரட்டாசியில் நான்கு பேர். ஐப்பசி மழையில் மூன்று பேர். பத்துப் பேரையும் வீரபாகுதான் என் அறைக்கு அழைத்து வந்தார். ஒவ்வொரு தடவையும் அவருடைய முகம் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

பதினோராவது ஆள் சிட்டிபாபு. சாயப் பட்டறையிலிருந்து அரக்குச் சிவப்புப் பட்டு நூலை மூட்டை கட்டிக்கொண்டு போனவர். லாரியின் பம்பர் பின்சக்கரத்தைத் தட்டிவிட்டது. காறை எலும்பு முறிந்திருந்தது. சட்டை முழுக்கச் சாயம். அதைப் பார்த்து வராந்தாவில் இருந்த ஒரு அம்மாள் மயங்கி விழுந்து, அவருக்கும் நான் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. சிட்டிபாபு வலியைவிடக் கோபத்தில்தான் இருந்தார். தான் பச்சையில்தான் போனதாகவும், நடுவில் போகும்போது யாரோ விளக்கை மாற்றிவிட்டதாகவும், அந்த யாரோ குடைக்கு அடியில்தான் நிற்பதாகவும் மூன்று தடவை சொன்னார். வீரபாகு சிட்டிபாபுவின் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

மறுநாள் அவருக்கு மெமோ வந்தது. பணியில் கவனக் குறைவு. அந்த முக்கில் இன்னொரு விபத்து நடந்தால் மாவட்டத்தின் மறுகோடியில், கடலோர அவுட்போஸ்டுக்கு மாற்றல். அங்கே போக்குவரத்து என்றால் கட்டுமரம்தான்.

மற்றவர்களுக்கு மாற்றல் என்றால் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். குழித்தறியை அப்படிக் கட்ட முடியாது. கட்டைகளைக் கழற்றி ஏற்றினாலும், வேலை கொடுக்கிறவரும் நூல் சுற்றுகிறவரும் சாயக்காரரும் இங்கேதான் இருப்பார்கள். கடற்கரை மணலில் குழி தோண்டினால் என்ன ஆகும் என்பதை ஐயம்பேட்டை வீட்டுக் குழியே சொல்லும். அம்சவேணி மெமோவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம்.

"நீங்க போங்க. தறி வராது. தறி வராத எடத்துல எனக்கு என்ன வேலை?"

இதை வீரபாகு என்னிடம் சொன்னபோது நான் சிட்டிபாபுவுக்குத் தோள்கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சிட்டிபாபுவின் இடது உள்ளங்கை கிழிந்திருந்தது. வலது முழங்கையும் வலது தோளும் உரிந்திருந்தன. வலது உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை. காயப் பதிவேட்டைப் புரட்டினேன். முந்தின பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் அதே கதை. கீழே விழுகிற மனிதன் யோசிக்காமல் இரண்டு கையையும் ஊன்றுவான். உள்ளங்கை இரண்டும் கிழியும். இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன்.

"இவங்க யாரும் வலது கையை ஊனலை, வீரபாகு. விழும்போது அந்தக் கை ஹாண்டில்ல இல்லை. எங்கே இருந்ததுன்னு பாருங்க" என்றேன்.

சிட்டிபாபுவைக் கேட்டோம். கை ஹாண்டிலில்தான் இருந்தது என்றார். அவருக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் வீரபாகு மேடையை விட்டு இறங்கி, முக்கின் எதிர்ப்புறம் சைக்கிள் கடை வாசலில் போய் நின்றார். அவருடைய மேடை கிழக்கே பார்த்து இருந்தது. எட்டு வருஷமும் அவருடைய முதுகு மேற்கே. அன்றைக்குத்தான் முகத்தை மேற்கே வைத்துக்கொண்டு முக்கைப் பார்த்தார். பத்தரை மணிக்கு நேராக என் அறைக்கு வந்துவிட்டார்.

"சிஸ்டர், கை கன்னத்துல இருக்குது."

விஷயம் இதுதான். நேர்த் தெருவில் வருகிறவர்களுக்கு மேற்குப் பக்கத்தை அரிசி மண்டிக் கட்டடம் மறைத்துக்கொண்டிருக்கும். முக்கின் நட்டநடுவுக்கு வந்தவுடன் மேற்குத் தெரு திறந்துகொள்ளும். தெருக்கோடியில் ஏகாம்பரநாதர் கோபுரம் முழுசாகத் தெரியும். தெரிந்த மாத்திரத்தில் எங்கள் ஊர்க்காரருக்கு வலது கை தானாக ஹாண்டிலை விட்டு எழும்பும். இந்தக் கன்னம், அந்தக் கன்னம், நெஞ்சு. இதற்கிடையில் பெடல் மிதிப்பதும் நின்றுவிடும். சாமியைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் மரியாதை இல்லையே. சைக்கிள் தானாக உருளும். பிறகு கை இறங்கும், கால் மிதிக்கும், போவார்கள். பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், அதனால் செய்ததே நினைவிருக்காது.

வீரபாகு கையைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஏன் யாரும் விழவில்லை என்பதும் அதோடு விளங்கியது. அவர் கடைசிச் சைக்கிள் முக்கைத் தாண்டும்வரை கையை இறக்க மாட்டார். அவர்கள் ஏன் நடுவில் மெதுவாகப் போகிறார்கள் என்று அவர் யோசித்ததில்லை. போகிறவர்கள் போய் முடியட்டும் என்று நின்றார், அவ்வளவுதான். சென்னைப் பொறியாளர் சைக்கிள்களை எண்ணினார், கைகளை எண்ணவில்லை.

நாடி பார்க்கிற என் கைக்கடிகாரத்தில் செகண்டு முள் உண்டு. அன்று மத்தியானம் வேலை முடிந்து போகிற வழியில் இரண்டு பேருமாக அளந்தோம். சும்மா போகிற சைக்கிள் முக்கைத் தாண்ட ஐந்து செகண்டு. கும்பிட்டுப் போகிற சைக்கிளுக்கு எட்டு. மஞ்சள் மூன்று, குறுக்கே நிற்கிற லாரி பச்சை விழுந்து நகர்வதற்கு இரண்டு, ஆக ஐந்துதான் கையில் இருக்கிறது. மிச்சம் மூன்று செகண்டுக்குச் சைக்கிள்காரர் லாரியின் முன்னால் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

வீரபாகு இதையெல்லாம் முறையாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். பொறியாளர் கணித்த நேரத்தில் பிழை இருக்க முடியாது, காவலர் தம் வேலையைப் பார்க்கவும் என்று பதில் வந்தது.

தம் வேலையைத்தான் பார்த்தார். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தார். காலை எட்டரையிலிருந்து பத்து வரைக்கும், சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும் விளக்கைத் தாமே மாற்றினார். கடைசிக் கை கன்னத்திலிருந்து இறங்கும்வரை மஞ்சள் எரியும். நோட்டில் காரணம் எழுத வேண்டுமே. மந்திரி வருகை என்று தினமும் எழுதினால் சந்தேகம் வரும். அதனால் சாமி புறப்பாடு என்று எழுதினார். தினமும் இரண்டு வேளை. ஐந்து வாரம் யாரும் விழவில்லை. என் அறைக்கு வந்த ஒரே சைக்கிள்காரர் தென்னேரிக்காரர். அவரும் தென்னேரியிலேயே விழுந்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மார்கழி நடுவில் போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் பராங்குசம் நோட்டைப் பார்வையிட வந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வரதர் பெருமாள் கோயில் பக்கத்துக் குடும்பம். தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் பளிச்சென்று திருமண் இருக்கும். கண்டிப்பானவர், ஆனால் எதிராளி சொல்வதைக் கடைசிவரை கேட்கிறவர். என் சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்ற நான் சைக்கிள் கடையில் நின்றிருந்தேன். அதனால் எல்லாமே காதில் விழுந்தது.

அவர் பக்கங்களைப் புரட்டினார். இன்னும் சில பக்கங்களைப் புரட்டினார்.

"ஏம்பா, எந்தச் சாமி தினமும் ஆபீஸ் டைமுக்குப் பொறப்படுது?"

வீரபாகு விறைப்பாக நின்றுகொண்டு சொன்னார். "சாமி பொறப்படலைங்கய்யா. ஜனம் பொறப்படுது. சாமியப் பாத்துக்கினு போவுது."

பொய்யாக எழுதியது தப்பு என்று தனக்குத் தெரியும் என்றார். பிறகு பதினொரு பேரின் பெயரையும், விழுந்த நாளையும், எந்தக் கை என்பதையும் வரிசையாகச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. கையை எடுப்பதற்கெல்லாம் மூன்று செகண்டு ஆகாது என்றார். வீரபாகுவின் சைக்கிளை வாங்கி, விளக்கைப் பெட்டியின் போக்கிலேயே விடச் சொல்லிவிட்டு, தெருவுக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார். பச்சை முடிகிற நேரத்தில் முக்குக்குள் நுழைந்தார். நேராகப் பார்த்தபடி மிதித்தார். கடைக்காரரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய கழுத்து மேற்கே ஒரு அங்குலம்கூடத் திரும்பவில்லை. ஐந்து செகண்டில் எதிர்ப்பக்கம் போய் இறங்கினார். அதற்குப் பிறகுதான் லாரி நகர்ந்தது.

"பாத்தியா, போறுமே" என்றார்.

வீரபாகுவின் முகம் விழுந்துவிட்டது. கட்டுமரம் அவர் கண் முன்னால் வந்திருக்க வேண்டும். சைக்கிளை வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் மணியைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அய்யா தப்பா எடுத்துக்கக் கூடாது. இங்க தெரியிறது வரதர் கோபுரமா இருந்தா, அய்யாவுக்கு எத்தினி செகண்டு ஆவும்?"

கடைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் வீரபாகுவைப் பார்த்தார். மேற்கே கோபுரத்தைப் பார்த்தார். அவர் பொய் சொல்லப் பழகாத மனிதர் என்பது அந்த நிமிஷத்தில் தெரிந்தது.

"செகண்டு என்ன கணக்கு, நான் எறங்கியே நின்னுடுவேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அரை மணி நேரம் சைக்கிள் கடை வாசலில் நின்று எண்ணினார். நூற்று நாற்பது சைக்கிளில் நூற்றுப் பதினெட்டுக் கைகள். எண்ணியதைக் குறித்துக்கொண்டு, தாமே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். காவலர் எழுதினால் வராத பொறியாளர் சப்-இன்ஸ்பெக்டர் எழுதினால் வருவார். பொங்கல் கழித்து வந்தார். நல்ல பையன்தான், புத்தகம் படித்த பையன். நேரத்தை மாற்றுவதைவிட ஒரு போர்டு வைத்துவிடலாமே என்றார். சாலை நடுவில் சாமி கும்பிடாதீர் என்று.

"வெக்கலாம் சார். அதையும் நின்னு படிச்சிட்டுத்தான் கும்புடுவாங்க. இன்னும் ரெண்டு செகண்டு சேத்து வெச்சிடுங்க" என்றார் வீரபாகு.

பொறியாளர் சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து மஞ்சளை ஆறு செகண்டாக்கினார். மாற்றியதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதில் உள்ளூர்ப் போக்குவரத்து வேகம் என்று எழுதினார். அதுவும் பொய்யில்லை.

மாற்றல் உத்தரவு வரவில்லை. அதை எழுத வேண்டியவர் சப்-இன்ஸ்பெக்டர்தான், அவர் எழுதவில்லை. ஆனால் நோட்டில் பொய்க் காரணம் எழுதியதற்காக வீரபாகுவின் பணிப் பதிவேட்டில் கண்டனம் என்று சிவப்பு மையில் குறித்துவிட்டார். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. அவர் அப்படித்தான். அந்தச் சிவப்பு மையால் வீரபாகுவின் ஏட்டுப் பதவி நான்கு வருஷம் தள்ளிப் போயிற்று. அவரோடு சேர்ந்தவர்களெல்லாம் சட்டைக் கையில் பட்டை குத்திக்கொண்டு போனார்கள்.

எனக்கு அது அநியாயமாகப் பட்டது. பதினொரு பேருக்குக் கட்டுப் போட்ட கை என்னுடையது. பன்னிரண்டாவது ஆள் வராமல் தடுத்தவருக்குக் கண்டனமா என்று ஒரு நாள் வீரபாகுவிடமே கேட்டுவிட்டேன். அவர் யாரோ ஒரு கிழவரை அழைத்து வந்திருந்தார். சைக்கிளெல்லாம் இல்லை, வாழைப்பழத் தோல்தான்.

"ஏட்டு ஆனா வேற ஸ்டேஷனுக்குப் போடுவாங்க சிஸ்டர். அம்சவேணி இப்பதான் புதுப் பாவு ஏத்திக்கினு இருக்குது. நாலு வருஷம்னா எத்தினி பாவு ஆவும், நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு, கிழவரின் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.